மொய் நோட்டு முதல் டி.என்.ஏ. வரை: டெல்டாவில் வம்சாவளி தேடும் முறை

டி.என்.ஏ. சோதனைக்கான எச்சில் குழாய்க்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் பரண்மேல் ஏறிப் பாருங்கள். காவிரி டெல்டாக் குடும்பங்களுக்கு வரிசை இதுதான்: முதலில் வீட்டுக் காகிதம், அடுத்து சர்க்கார் காகிதம், கடைசியில் டி.என்.ஏ. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் நூற்றுக்கணக்கான சொந்தக்காரர் பட்டியலை வைத்துக்கொண்டு யார் எந்த வழியில் சொந்தம் என்று தெரியாமல் விழிக்கிறார்கள். அக்காள் மகளைக் கட்டுவதும், அத்தை மகளைக் கட்டுவதும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்தவை. யார் யாரைக் கட்டினார்கள் என்ற படம் கையில் இல்லாவிட்டால் டி.என்.ஏ. எண் எதுவும் பேசாது, பேசினாலும் தப்பாகப் பேசும்.

பெரியவர்களிடம் "நம்ம முன்னோர் யார்?" என்று கேட்டால் ராஜா கதைதான் வரும். "யார் செத்தா நமக்குத் தீட்டு?" என்று கேளுங்கள். பங்காளிகள் வரிசையாக வருவார்கள். "முதல் மொட்டை எந்தக் கோயில்ல?" என்றால் குலதெய்வமும் அது இருக்கும் ஊரும் வரும். இப்போது இருக்கும் ஊர் பூர்வீகமாக இல்லாமல் போகலாம். குலதெய்வத்தின் ஊர் பெரும்பாலும் அதற்கு ஒரு படி முந்திய ஊர். அந்தக் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும். குடும்பத் தலைவர் பெயரில் ஒரு தலைக்கட்டு. மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனதும் அவன் பெயரில் புதிதாக ஒரு வரி ஏறும். பழைய நோட்டையும் புது நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரி எதிலிருந்து பிரிந்தது என்று தெரியும். நோட்டு நாட்டாமை வீட்டிலோ பூசாரி வீட்டிலோ இருக்கும். தட்சிணையோடு போங்கள்.

அடுத்தது மொய் நோட்டு. இதை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை என்பதால்தான் கரையானுக்குப் போகிறது. ஒரு வரியில் ஊர், தெரு, பெயர், சில சமயம் தகப்பன் பெயர், முறை, தொகை எல்லாம் இருக்கும்: "வடுவூர் மேலத்தெரு, சின்னையன் மகன் கோவிந்தசாமி, மாமன், ரூ. 11" என்கிற மாதிரி. தாத்தா கல்யாண நோட்டு ஒன்று, அப்பா கல்யாண நோட்டு ஒன்று, இரண்டு கிடைத்தால் போதும். எல்லா வரிகளையும் ஊர்வாரியாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டு நோட்டிலும் ஒரே ஊர், ஒரே தெருவிலிருந்து மூன்று நான்கு வீடுகள் எழுதியிருந்தால் அங்கே பெண் எடுத்தோ கொடுத்தோ இருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஊர்க்காரர் மொய்யும் சொந்தக்காரர் மொய்யும் கலந்து கிடக்கும். தூரத்து ஊர் மொய்தான் நமக்கு வேண்டியது. கருமாதிப் பத்திரிகையையும் விடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை பெருமைக்காகப் பெரிய மனிதர் பெயர்களைச் சேர்க்கும். கருமாதிப் பத்திரிகையில் மகன், மருமகள், மகள், மருமகன், பேரன், பேத்தி என்று இருக்கிறபடி இருக்கும்.

சாதகக் குறிப்பு கிடைத்தால் தேதி கிடைத்த மாதிரிதான், ஆனால் ஒரு பொறி உண்டு. பழைய குறிப்பில் ஆங்கில வருடம் இருக்காது. "பார்த்திப வருஷம் ஆவணி மாதம்" என்றுதான் இருக்கும். பார்த்திப 1945-46இலும் வந்தது, 1885-86இலும் வந்தது. அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர். இரண்டில் எது என்று சனியை வைத்துத் தீர்மானிக்கப் பார்ப்பார்கள், அது உதவாது. சனி சுமார் இருபத்தொன்பதரை வருடத்தில் ஒரு சுற்று வருவதால் அறுபது வருடத்தில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடும். 1885 ஆவணியிலும் 1945 ஆவணியிலும் சனி மிதுனம்தான். குருவும் பன்னிரண்டு வருடச் சுற்று என்பதால் அதே வீட்டிலோ அடுத்த வீட்டிலோ நிற்பார். பார்க்க வேண்டியது ராகுவை. அவருக்குச் சுற்று பதினெட்டரை வருடத்துக்குச் சற்று மேல். அறுபது வருடத்தில் கிட்டத்தட்ட மூன்று வீடு தள்ளிப் போவார். 1945 ஆவணியில் ராகு மிதுனத்தில். 1885 ஆவணியில் கன்னியில். ஓலையிலோ தாளிலோ உள்ள ராசிக் கட்டத்தில் 'ரா' எங்கே என்று பார்த்தாலே அது தாத்தாவா, தாத்தாவின் தாத்தாவா என்று முடிவாகிவிடும். பிறகு கிழமையையும் நட்சத்திரத்தையும் வைத்துத் தேதியை இறுக்குங்கள். நாடி சோதிடத்தில் வரும் பெற்றோர் பெயரை மட்டும் வம்சாவளியில் சேர்க்காதீர்கள். அது ஆவணம் அல்ல.

பெயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். தாத்தா ராமசாமிக்கு மூன்று மகன்கள் என்றால் மூன்று பேர் வீட்டிலும் ஒரு ராமசாமி இருப்பான். மூவரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே ஊர். இந்த மூன்று பேரையும் ஒருவராக்கிவிடுவதுதான் நம் பக்கத்து வம்சாவளிகளில் அதிகம் நடக்கும் தப்பு. அப்பா பெயரின் முதல் எழுத்தும், மனைவி பெயரும், தெருவும் சேர்ந்து ஒத்துவராமல் யாரையும் மரத்தில் ஏற்றாதீர்கள். "சின்ன", "பெரிய", "கட்டை", "கோணை" போன்ற பட்டப்பெயர்களை வெட்கப்படாமல் குறித்துவையுங்கள். பத்திரத்தில் அவை "என்கிற" போட்டு வரும்.

இனி சர்க்கார் காகிதம். நிலம் இருந்த குடும்பம் என்றால் நேராகப் பத்திரப்பதிவு அலுவலகம். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அதில் இப்போதைய சர்வே எண்ணுக்கு எதிரே பழைய சர்வே எண் இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். வேலையில் எண்கள் மாறின. பெயர்களும் கணிசமாகப் பிழைபட்டன. அண்ணன் தம்பி கூட்டுப் பட்டா ஒருவர் பெயருக்கே போனதும் உண்டு. ஆகவே பட்டாவை வைத்து "நிலம் இவருக்கு மட்டும்தான் வந்தது, இவர் ஒரே மகன்" என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய எண்ணை வைத்து வில்லங்கம் போடுங்கள். இணையத்தில் வருவது கணினியில் ஏற்றிய காலத்துக்கு மட்டுமே. அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும், தேடும் வருடத்துக்குத் தக்கபடி கட்டணம். வில்லங்கத்தில் பத்திர எண்ணும் வருடமும் கிடைத்ததும் நகல் மனு போடுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் 3ஆம் புத்தகம். எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவருக்கு நகல் கிடைக்கும், எனவே இறப்புச் சான்று எடுத்துப் போங்கள்.

"அப்படி ஒரு பதிவே இல்லை" என்று சொன்னால் உடனே நம்பித் திரும்ப வேண்டாம். கிராமங்கள் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. 1930இல் உங்கள் ஊர் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று கேட்டு அங்கே தேடுங்கள். மாவட்டமும் அப்படியே. பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நாகப்பட்டினம் 1991இல் பிரிந்தது, திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல். மயிலாடுதுறை என்ற பெயரைப் பழைய பத்திரத்தில் தேடினால் கிடைக்காது; மாயவரம், மாயூரம் என்று தேட வேண்டும்.

எல்லாப் பத்திரமும் ஒரே மதிப்பு அல்ல. கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர், அவர்களுடைய தகப்பனார் பெயர், தொழில், குடியிருப்பு இருக்கும். போக்கியம், அடமானம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. தங்கம் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம்தான். இறந்துபோன தாத்தாவில் தொடங்கி, அவருடைய இரண்டு சம்சாரங்கள், ஒவ்வொருத்தி வயிற்றுப் பிள்ளைகள், மைனர்களுக்குக் கார்டியன் யார், விதவை மருமகளுக்கு ஜீவனாம்சமாக எத்தனை மா நிலம் என்று மூன்று தலைமுறை ஒரே காகிதத்தில் இறங்கியிருக்கும். "பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்ட" என்று வந்தால் அப்பா வழிச் சொத்து. "சுயார்ஜிதம்" என்றால் தானே சம்பாதித்தது, அதிலிருந்து மேலே ஏற வழியில்லை. "சுவீகார புத்திரர்" என்ற சொல் கண்ணில் பட்டால் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். காகிதத்தில் ஒரு தகப்பன், டி.என்.ஏ.வில் வேறு தகப்பன் என்று பின்னால் வரும் குழப்பத்துக்கு விடை அந்த ஒரு சொல்லில் இருக்கலாம். பாகப்பிரிவினை வழக்காக கோர்ட்டுக்குப் போயிருந்தால் இன்னும் நல்லது. வாதப்பத்திரிகையோடு வம்சாவளிப் படமே தாக்கல் ஆகியிருக்கும்.

அடங்கல், கிஸ்தி ரசீதுகளில் பசலி என்ற வருவாய்க் கணக்கு வருடம் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலை எந்த வருடம் என்று வரும். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. மானியம் வைத்திருந்த குடும்பங்களுக்கு இன்னும் பின்னால் போக ஒரு வழி உண்டு: 1858இல் அமைத்த இனாம் கமிஷனின் பதிவேடு. மானியம் யாருக்குக் கொடுத்தது, இப்போது யார் அனுபவிக்கிறார், அவர் வயது என்ன என்றெல்லாம் அதில் இருக்கும். சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லித் தேட வேண்டும். அதற்கும் முந்திய தஞ்சை மராத்தியர் காலக் காகிதங்கள் மோடி என்ற பழைய மராத்திக் கையெழுத்து முறையில் உள்ளவை. படிக்கத் தெரிந்தவர் துணை இல்லாமல் அந்தப் பக்கம் போவது வீண் அலைச்சல்.

பிறப்பு இறப்புப் பதிவில் ஒரு நுணுக்கம். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது, "ஆண்", "பெண்" என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரையும் உத்தேசத் தேதியையும் சொல்லி முன்னும் பின்னும் மூன்று வருடம் தேடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிறந்த தேதியை நம்ப வேண்டாம். ஜூன் மாதத் தேதிகள் பெரும்பாலும் வாத்தியார் போட்டவை.

நிலமில்லாத குடும்பங்களுக்கு இந்த வழி எதுவும் திறக்காது. பண்ணையாளாக இருந்தவரின் பெயர் மிராசுதார் பத்திரத்தில் வராது. அவர்களுக்கு வேறு மூன்று சட்டங்களின் காகிதங்களைப் பார்க்க வேண்டும். 1952இன் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த தாவாக்கள். 1969 சட்டப்படி எழுதிய குத்தகைதாரர் பதிவேடு. 1971 குடியிருப்புச் சட்டப்படி கொடுத்த மனைப்பட்டா. மனைப்பட்டா பல வீடுகளில் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், எந்தப் பண்ணை நிலத்தில் குடியிருந்தார் என்பது தெரியும். பண்ணை எது என்று தெரிந்துவிட்டால் பண்ணைக் கணக்கைத் தேடலாம். அதில் நெல் அளந்த கலம், மரக்காலோடு ஆள் பெயரும் வரும். இதோடு ஆரம்பப் பள்ளி சேர்க்கைப் பதிவேடும் பழைய வாக்காளர் பட்டியலும். 1952, 1977 புயல்களிலும் 2004 சுனாமியிலும் 2018 கஜாவிலும் கடலோரத்தில் போன காகிதங்கள் கொஞ்சமல்ல. ஆகவே கிடைத்ததை அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேடல் சுலபம். தரங்கம்பாடியில் 1706இலிருந்து சீர்திருத்தச் சபை மிஷன் இருந்தது. கத்தோலிக்கக் கோயில்களின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள் லத்தீனில் இருக்கும். 'ஃபீலியுஸ்' என்றால் மகன், 'ஃபீலியா' என்றால் மகள், இந்த இரண்டு சொல் போதும் தொடங்க. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், அதாவது திருமணப் பதிவுப் புத்தகம். காரைக்கால்காரர்களுக்குக் கிடைத்த வசதி மற்றவர்களுக்கு இல்லை: பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக்காப்பகத்தில் படமாக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திருமலைராயன்பட்டினத்தை 'கிராந்த் அல்தே' என்ற பெயரில் தேட வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

கடல் கடந்து போனவர்கள் கிளையைத் தேடும்போது ஒரு தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. "எங்கள் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துக்காரர்" என்று மலேசியாவிலிருந்து எழுதுவார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறிய துறைமுகம் நாகப்பட்டினம். ஏறியவர் ஒரத்தநாட்டுக்காரராக இருக்கலாம், பெரம்பலூர்க்காரராகவும் இருக்கலாம். அதே போல 'தஞ்சாவூர்' என்று காகிதத்தில் இருந்தால் அது ஊர் அல்ல, ஜில்லா. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860இலிருந்து 1911 வரை போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். மொரிஷியஸ், ஃபிஜி பதிவுகளும் ஏறக்குறைய அப்படியே. ஊர்ப் பெயரைக் காதால் கேட்டு எழுதியவர் தமிழர் அல்லாதவர். ஆகவே கிராமத்தை முதலில் தேடாதீர்கள். தாலுகாவை உறுதி செய்து, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சீர்காழி 'ஷியாலி' ஆகியிருக்கும். திருவாரூர் 'திருவலூர்' ஆகியிருக்கும். அதைச் சென்னைப் பக்கத்துத் திருவள்ளூர் என்று நினைத்து வருடக்கணக்கில் தப்பான ஊரில் தேடியவர்கள் உண்டு.

இப்போது டி.என்.ஏ. யாரிடம் எடுப்பது? வீட்டில் இருக்கும் மிக மூத்தவரிடம். உங்களுடையதைவிட அப்பாயியின் மாதிரி இரண்டு தலைமுறை மேலே இருக்கிறது. அவர் போய்விட்டால் வாய்ப்பும் போய்விடும். அவர் சம்மதம் தமிழில், நிதானமாக, எதிர்பாராத தகப்பன் விவரமும் வெளிவரலாம் என்பதைச் சொல்லிக் கேட்டதாக இருக்க வேண்டும். இரண்டாவது மாதிரியாக, அசலில், அதாவது சொந்தத்துக்கு வெளியே, கட்டிய தம்பதியின் பிள்ளை யாராவது குடும்பத்தில் இருந்தால் அவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு அப்பா வழியும் அம்மா வழியும் தனித்தனியாக நிற்கும்.

எச்சில் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. வெற்றிலை, புகையிலை போடும் பெரியவர் என்றால் காலையில் எழுந்ததும், முதல் வெற்றிலைக்கு முன்பே, வாயைக் கொப்பளித்து அரை மணி கழித்து எடுங்கள். குழாயில் கோடு வரை எச்சில் நிரம்ப வேண்டும், நுரை கணக்கில் இல்லை. வாய் வறண்ட முதியவருக்கு எச்சில் குழாய் தோற்றுப்போகும். கன்னத்தின் உட்புறம் தேய்க்கும் பஞ்சுக்குச்சி முறை உள்ள நிறுவனத்தைப் பாருங்கள். இந்திய முகவரிக்கு அனுப்புமா, மாதிரியைத் திருப்பி அனுப்ப வழி உண்டா என்பதைப் பணம் கட்டும் முன் உறுதி செய்யுங்கள். ஒரே நாளில் மூன்று பேருக்கு எடுத்தால் குழாயில் எண்ணைப் பார்த்து உடனே பெயர் எழுதுங்கள்; பிறகு எழுதலாம் என்று விட்டால் மாமனும் மருமகனும் மாறிப்போவார்கள்.

முடிவு, உங்களோடு டி.என்.ஏ. பொருந்துகிறவர்களின் பட்டியலாக வரும்; எவ்வளவு பொருந்துகிறது என்பது சென்டிமார்கன் என்ற அலகில் இருக்கும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3400 முதல் 3700. உடன்பிறந்தவர்களுக்குச் சுமார் 2600. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகளுக்குச் சராசரி 866, நீட்சி 396 முதல் 1397. அதற்கு அடுத்த சுற்றுக்கு, அதாவது அவர்களுடைய பிள்ளைகளுக்குள், 229; அதற்கும் அடுத்ததற்கு 73, ஒன்றுமே இல்லாமலும் போகலாம். இவை பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களிடம் திரட்டிய அளவுகள். நம் கணக்கு எங்கே பிசகும் என்று பாருங்கள். ஒருவர் தன் அக்காள் மகளைக் கட்டுகிறார், பிள்ளை பிறக்கிறது. அந்த அக்காள், பிறந்த பிள்ளைக்கு அம்மாச்சியும் ஆகிறாள், அத்தையும் ஆகிறாள். அம்மா வழியில் பாதி மரபணுத்தொகுதியிலும் அப்பா வழியில் பாதியிலும் அவளோடு பொருந்தும். இரண்டும் மேலே விழும் பகுதியைக் கழித்தால் முக்கால் பங்கு. அதாவது சுமார் 2600. பாட்டியை உடன்பிறந்தவள் என்று நிறுவனம் காட்டும். யாரும் பதற வேண்டாம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் 1500-ஐத் தாண்டி, ஒரு தகப்பன் இரு தாய்ப் பிள்ளைகள் போலத் தெரிவார்கள்.

தூரத்துச் சொந்தத்தில் மொத்த எண்ணை விட்டுவிட்டு, பொருந்தும் டி.என்.ஏ.வில் நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். 90 காட்டும் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மூன்று துண்டு, நீளமானது 48. மற்றவருக்கு ஒன்பது துண்டு, நீளமானது 13. முதல்வர் மூன்று நான்கு தலைமுறைக்குள் உள்ள உண்மையான சொந்தமாக இருக்க நல்ல வாய்ப்பு. இரண்டாமவர் ஒரே சமூகத்துக்குள் நூற்றாண்டுகளாகக் கொண்டு கொடுத்ததன் படிவு. பத்து வழியில் தூரத்துச் சொந்தம், ஒரு வழியிலும் கிட்டத்துச் சொந்தம் இல்லை. ஏழுக்குக் குறைந்த துண்டுகளை மறந்துவிடுங்கள். நீளமான துண்டு 20க்கு மேல் உள்ளவர்களை மட்டும் முதல் சுற்றில் எடுங்கள். பட்டியல் ஆயிரத்திலிருந்து இருபதுக்கு இறங்கும். தாய் தந்தை உறவா என்று பார்க்கும் கருவி, டி.என்.ஏ. முடிவுகளை ஏற்றி ஒப்பிடும் ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் உண்டு. அம்மா தந்ததும் அப்பா தந்ததும் ஒன்றாக இருக்கும் பகுதியை அது அளக்கும். அத்தை மகன், மாமன் மகள் பிள்ளைக்குச் சராசரியாக 200 சொச்சமும், தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறந்த பிள்ளைக்கு 400 சொச்சமும் வரும். காகிதத்தில் நீங்கள் வரைந்த படம் சரியா என்று இதை வைத்து ஒத்துப் பாருங்கள்.

பட்டியலில் வருகிறவர்களில் உள்ளூர்க்காரரைவிட டர்பன், கோலாலம்பூர், போர்ட் லூயி, ரீயூனியன்காரர்களே அதிகம் இருப்பார்கள், ஏனென்றால் எடுத்துப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். எழுதும்போது "நாம் எப்படிச் சொந்தம்?" என்று கேட்காதீர்கள், அவர்களுக்கும் தெரியாது. ஒப்பந்தக் கூலியாகப் போனவருக்குக் கொடுத்த பாஸின் எண், கப்பல் பெயர், தோட்டத்தின் பெயர், வீட்டில் கும்பிடும் சாமியின் பெயர், நான்கை மட்டும் கேளுங்கள். எண் கிடைத்தால் பாஸ் கிடைக்கும், பாஸில் தாலுகாவும் கிராமமும் கிடைக்கும். மொழி மறந்த வீட்டிலும் சாமி பெயர் தங்கியிருக்கும். அது உங்கள் குலதெய்வத்தோடு ஒத்துப்போனால் அப்பா வழிப் பங்காளியாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு, இரு பக்கத்திலும் ஆண் வாரிசுகளுக்கு, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய்-டி.என்.ஏ. பார்க்கலாம். பிறகு அந்தக் கிராமத்துக்குப் போய், அங்கேயே இருக்கும் மூத்த பங்காளி ஒருவரிடம் மாதிரி கேட்க வேண்டும். தலைக்கட்டு நோட்டு வைத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது பாஸின் நகலை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை அவர் வாங்கி வைத்துக்கொள்வார்.